பல்லவியில் கை தவறும் இடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்கு முறையான சங்கீதப் பயிற்சி கிடையாது, கேள்வி ஞானம்தான். டிசம்பர் சீசனில் ஒரு கச்சேரி கேட்டேன். பல்லவியில் பாடகர் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வெவ்வேறு வேகத்தில் பாடினார். இரட்டிப்பு வேகம் வரை தாளம் போட்டுக்கொண்டு போக முடிந்தது. திஸ்ரம் என்று சொல்லித் தொடங்கியதும் கை எங்கோ போய்விட்டது. பக்கத்தில் இருந்த பலரும் கையை மடியில் வைத்துவிட்டார்கள். முடிந்ததும் பலத்த கைதட்டல். அங்கே என்னதான் நடக்கிறது? பல்லவிக்கு முன்பு, சியாமா சாஸ்திரிகள் பொப்பிலி கேசவய்யாவைத் தாளத்தில் வென்ற கதையையும் அவர் சொன்னார். அது உண்மையா?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

வேகம் மாறும்போது வரியின் தொடக்கத்தைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள். அதனால்தான் கை தவறுகிறது. பிடிக்க வேண்டியது அருதியை.

பல்லவி வரிக்கு இரண்டு பாகம். முதல் பாகம் முடிந்து குரல் சற்றே நிற்கும் இடம் அருதி. 'வேலவா உன்னை நம்பினேன், வேறு துணை யார்' என்று ஒரு வரியை வைத்துக்கொள்வோம். 'நம்பினேன்' என்பதன் கடைசி அசையில் அருதி. ஆதி தாளத்தின் ஒரு சுற்று ஓர் ஆவர்த்தனம். அதில் எட்டு அலகு, அதாவது அட்சரம்: ஒரு தட்டும் சுண்டு, மோதிர, நடு விரல்களும் சேர்ந்த லகு, பிறகு தட்டும் வீச்சுமான திருதம் இரண்டு. அருதி பெரும்பாலும் ஐந்தாம் அட்சரத்தில், அதாவது லகு முடிந்து முதல் திருதத்தின் தட்டில் விழும். பல்லவி வழக்கமாக ரெண்டு களையில் இருக்கும். ஒவ்வொரு தட்டையும் விரலையும் இருமுறை போடுவார்கள். அப்போது ஓர் அட்சரத்தில் எட்டு ஸ்வரம் அடங்கும், ஆவர்த்தனத்துக்கு 64.

வரி சமத்தில், அதாவது ஆவர்த்தனத்தின் முதல் தட்டில், எடுக்கிறது என்று கொள்வோம். (பல பல்லவிகள் சமத்துக்குச் சற்றுத் தள்ளித்தான் எடுக்கும். கணக்கு புரிவதற்காக இதை எளிதாக்குகிறேன்.) வரி தொடங்கும் இடமான எடுப்பிலிருந்து அருதிக்கு நான்கு அட்சரத் தூரம். தாளம் மாறாமல் வரியை மட்டும் இரட்டிப்பது அனுலோமம். இரட்டித்தால் அந்தத் தூரம் இரண்டு அட்சரமாகச் சுருங்கும். அருதி பழைய தட்டிலேயே விழ வேண்டுமென்றால் எடுப்பு தள்ளிப்போக வேண்டும், மோதிர விரலுக்கு. நான்கு மடங்கில் தூரம் ஒரே அட்சரம், எடுப்பு நடுவிரலில். எடுப்பை மாற்றாமல் அருதியை நகரவிட்டுப் பாடுபவர்களும் உண்டு. என் காதுக்கு அருதி அசையாமல் நிற்கும் முறையே பிடிக்கும்.

இரட்டிப்பில் வரியை இருமுறை பாடினால் ஓர் ஆவர்த்தனம் கழிந்து மறுபடி மோதிர விரலுக்கு வந்துவிடும். இரண்டாம் முறை அருதி சமத்தில் விழும். எல்லாமே முழு அட்சரங்களில் விழுவதால் உங்கள் கை தாங்கியது.

திஸ்ரத்தில் வேகம் ஒன்றரை மடங்கு. நான்கு அட்சரத் தூரம் இரண்டே முக்காலுக்குச் சற்றுக் குறைவாக, சரியாகச் சொன்னால் இரண்டும் மூன்றில் இரண்டு பங்குமாக ஆகிறது. ஆகவே எடுப்பு சுண்டு விரலில் மூன்றில் ஒரு பங்கு கடந்த இடத்தில் வரும். ரெண்டு களையில் அது சுண்டு விரலின் முதல் எண்ணிக்கைக்கும் இரண்டாவதற்கும் இடைப்பட்ட இடம். அங்கே தட்டும் இல்லை, விரலும் இல்லை. இந்த அந்தரத்தில்தான் பாடகர் வரியை எடுக்கிறார்.

சிக்கல் அதோடு முடியவில்லை. திஸ்ரத்தில் வரியை மூன்று முறை பாடினால்தான் இரண்டு ஆவர்த்தனம் நிறைந்து எடுப்புக்கு வரும். முதல்முறை அருதி சரியாகத் திருதத் தட்டில். இரண்டாம் முறை அது அடுத்த ஆவர்த்தனத்தின் சுண்டு விரலில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி. மூன்றாம் முறையோ, அருதி விழுந்த அதே திருதத் தட்டில் இப்போது வரியே தொடங்குகிறது. அரங்கில் பாதிப்பேர் கையை விடுவது இங்கேதான். பாடகர் தாளத்தை விட்டுவிட்டார் என்று சிலர் உதட்டைப் பிதுக்குவதும் இங்கேதான். நான்காவதாக வர வேண்டிய எடுப்பு சரியான அந்தரத்தில் வந்துவிட்டால் அவர் விடவில்லை என்று அர்த்தம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ரெண்டு களையில் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஒரு 'தகதிமி' சொல்லிப் பழகுங்கள். கையின் வேகத்தைத் தொடாமல் அதே இடத்தில் இரண்டு 'தகிட' சொல்லிப் பாருங்கள். நாலு ஆறாகிவிடும். வாய் வேகமெடுத்ததும் கையும் கூடவே ஓடப் பார்க்கும், அதை அடக்குவதுதான் பயிற்சி. கச்சேரியில் பக்கத்து நாற்காலிக்காரர் கையைப் பார்க்காதீர்கள், பாடகர் கையைப் பாருங்கள். வயலின்காரர் தலையசைப்பும் உதவும்.

ஒரு பல்லவியை முழுமையாகக் கேட்டுப் பழக ஆலத்தூர் சகோதரர்களின் பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். கணக்கும் ராக பாவமும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளாமல் போகும்.

கதைக்கு வருவோம். 'பூலோக சாபச்சுட்டி' என்று பட்டம் போட்டுக்கொண்ட கேசவய்யா தஞ்சை சபையில் சவால் விட்டார். சியாமா சாஸ்திரிகள் (1762–1827) காமாட்சியிடம் சிந்தாமணி ராகத்தில் 'தேவி ப்ரோவ சமயமிதே' பாடி வேண்டிவிட்டுச் சபைக்குப் போனார். கேசவய்யா சிம்மநந்தனத் தாளத்தில் பாட, சாஸ்திரிகள் சரபநந்தனத் தாளத்தில் பதில் தந்தார் என்பது கதை. வாய்வழி வந்த கதை இது. கீர்த்தனையை அதற்குச் சாட்சியாக வைக்க முடியாது. 'காக்க இதுவே தருணம், வேகமாக வா' என்று அம்பாளை அழைக்க ஒரு போட்டி வேண்டியதில்லை.

ஆனால் கதையைக் கட்டியவருக்கு லயம் தெரிந்திருக்கிறது. சிம்மநந்தனம் 128 அட்சரம். நீளம்தான் பயமுறுத்தும், ஆனால் பாதி பாதியாக ஏழு முறை வகுத்து ஒன்று வரை வந்துவிடலாம், நாலாகவும் எட்டாகவும் கோத்த எதுவும் அதில் பொருந்தி உட்காரும். சரபநந்தனம் 79. நீளத்தில் சிறியது, ஆனால் மூன்று, நான்கு, ஐந்து, ஏழு எதற்கும் வகுபடாது. எந்தக் கோர்வையை (கணக்காகக் கோத்த லயக் கட்டு) அப்படியே அடுக்கினாலும் கடைசியில் மிச்சம் நிற்கும், அல்லது போதாமல் போகும். சிங்கத்தை அடக்கச் சரபம் என்னும் புராண விலங்கு என்ற கணக்கோடு இந்தக் கணக்கும் ஒத்துப்போகிறது. அடுத்த முறை யாராவது மேடையில் இந்தக் கதையைச் சொன்னால், 79 என்ற எண்ணையும் சேர்த்துச் சொல்கிறாரா என்று கவனியுங்கள்.