கோழிக்கூடும் காற்றும்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோழிக்கூட்டைப் பற்றியவையாக இருந்தமையால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி, 6 அடிக்கு 4 அடி அளவில் செங்கல் கட்டி, மேலே தகரம் போட்டுக் கூடு அமைத்திருக்கிறோம். 22 சிறுவிடைக் கோழிகள் அதில் அடைகின்றன. சென்ற அக்னி நட்சத்திரத்தில் 5 கோழிகள் இறந்தன, எல்லாம் இரவில்தான். பகல் வெயிலில் மேய்ந்தபோது சாகாத கோழி, இரவில் கூட்டுக்குள் ஏன் சாகிறது? முட்டை ஓடும் மெலிந்து, எடுக்கும்போதே உடைகிறது. ஈரச் சாக்கு தொங்கவிட்டால் சரியாகுமா?
— உச்சிப்புளி வாசகி

பதில்: பிற்பகல் முழுவதும் மேற்கு வெயிலைக் குடித்த செங்கல் சுவர், இரவு நெடுநேரம் வரை அந்தச் சூட்டைக் கூட்டுக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். அதற்குள் 22 கோழிகளை அடைத்துப் பலகையையும் சாத்திவிட்டால், சுவரின் சூட்டோடு கோழிகளின் உடற்சூடும் மூச்சின் ஈரமும் வெளியேற வழியின்றித் தேங்கி நிற்கின்றன. கோழியின் உடல் வெப்பம் இயல்பாகவே 41 டிகிரி செல்சியசை ஒட்டி இருப்பது. நம்மைப் போல் வியர்ப்பதற்கு அதற்குச் சுரப்பிகள் இல்லை. வாயைத் திறந்து இளைத்து, மூச்சின் வழியே நீரை ஆவியாக்கித்தான் அது தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும். சுற்றியுள்ள காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிரம்பியிருந்தால் எவ்வளவு இளைத்தாலும் பயனில்லை. முதுகுளத்தூர்ப் பக்கத்து உலர்ந்த வெயிலைத் தாங்கும் கோழி, அதைவிடச் சூடு குறைந்த நம் கடற்கரையில் தள்ளாடுவதற்குக் காரணம் இந்த ஈரமே. பகலில் உங்கள் கோழிகள் பூவரச மர நிழலையும் கடற்காற்றையும் தேடித் தாமே தப்பித்துக்கொண்டன. இரவில் அவற்றுக்கு அந்த உரிமை இல்லை.

ஆகவே முதல் வேலை, கூட்டைச் சுவரிலிருந்து பிரிப்பது. புதிதாகக் கட்டுவதானால் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கச் சுவர்களில் மட்டுமே விழும். வடக்கும் தெற்கும் நீளப் பக்கங்கள். அவற்றில் ஓரடி உயரத்துக்குச் சுவர் போதும், அதற்கு மேல் முழுவதும் வலை. தரையைச் சுற்றியுள்ள மண்ணைவிட ஓரடியாவது உயர்த்துங்கள். 22 நாட்டுக் கோழிகள் இரவில் அடைவதற்கு, கோழிக்கு 2 சதுர அடி வீதம் 44 சதுர அடி வேண்டும். இப்போது நீங்கள் கொடுத்திருப்பது 24. புதுக் கூடு கட்டும் வரை பாதிக் கோழிகளை வேறிடத்தில் அடையுங்கள். கோடையில் வேப்பமரக் கிளையில் கோழியை அடையவிட்ட பழைய வழக்கத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன், மரநாய்த் தொல்லை இல்லாத இடமாக இருந்தால்.

கூரைக்கு நம் மாவட்டத்தில் பனையோலையை மிஞ்சிய பொருள் இல்லை. தகரத்தைக் கழற்ற மனமில்லையென்றால், அதன்மேல் அரையடி இடைவெளி விட்டுச் சட்டம் அடித்து ஓலை வேயுங்கள்; அந்த இடைவெளியில் ஓடும் காற்றே பாதிச் சூட்டைக் கொண்டுபோய்விடும். அதற்கும் வசதியில்லையென்றால் தகரத்தின் மேல் சுண்ணாம்பு அடியுங்கள். ஐப்பசி மழையில் அது கரைந்துவிடுமே என்று சிலர் தயங்குகிறார்கள். கரையட்டும், அதற்குள் கோடை போயிருக்கும்.

ஈரச் சாக்கைப் பற்றிக் கேட்டீர்கள். கொடியில் போட்ட துணி அரைமணி நேரத்தில் காய்கிற நாளில் ஈரச் சாக்கும் வேலை செய்யும். துணி காயாமல் பிசுபிசுக்கிற நாளில் அதே சாக்கு, இருக்கிற ஈரத்தை இன்னும் கூட்டிக் கோழிக்குக் கேடாக முடியும். கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் உலர்ந்த பகலில் மேற்குப் பக்கம் தொங்கவிடுங்கள். காற்று விழுந்த புழுக்கமான மாலையில் சாக்கை எடுத்துவிட்டு, ஒரு மேசை விசிறியைக் கோழி அடையும் உயரத்தில் வையுங்கள். மின்கம்பியை எலி கடிக்காதபடி குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோங்கள்.

ஓடு மெலிவதும் இளைப்பதும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஓயாமல் இளைக்கும்போது இரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடுவதால், ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறைந்துபோகிறது. வெயிலில் தீனியும் குறைவதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைப்பதில்லை. நமக்குக் கரையிலேயே கிடக்கும் கிளிஞ்சலை நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவிக் காயவைத்து, மிளகளவு நொறுக்கி, தீனியில் கலக்காமல் ஒரு சிரட்டையில் தனியாக மாலையில் வையுங்கள். ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில் என்பதால் மாலை வேளைதான் ஏற்றது. தீனியை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் மட்டும் கொடுங்கள். உச்சிப் பொழுதில் தின்றால் செரிமானச் சூடு வெயிற்சூட்டோடு சேர்ந்துகொள்ளும். சாதாரண நாளில் கால் லிட்டர் அளவு குடிக்கும் முட்டைக் கோழி, கடும் வெயிலில் ஏறத்தாழ அரை லிட்டர் குடிக்கும். மண்சட்டியில், நிழலில், இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் இருக்கட்டும்.

ஒரு தவற்றை ஒப்புக்கொள்கிறேன். காலை 10 மணிக்கு வேப்பமர நிழலில் குஞ்சுகளைப் பஞ்சாரத்தால் கவிழ்த்துவிட்டு வெளியூர் போனவன், திரும்பி வந்தது 1 மணிக்கு. நிழல் நகர்ந்து போயிருந்தது, பஞ்சாரம் நகரவில்லை. 9 குஞ்சுகளில் 6 ஓரத்துப் பின்னல் இடுக்கில் அலகை நீட்டியபடியே கிடந்தன. மீதி 3 குஞ்சுகளின் கால்களையும் அடிவயிற்றையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்து, நிழலில் வைத்து, அலகோரம் சொட்டுச் சொட்டாக நீர் விட்டதில் அவை பிழைத்தன. வெயிலில் சுருண்ட கோழிக்கும் இதையே செய்யுங்கள்; ஐஸ் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அடிக்காமல் கூட்டின் நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டி, காற்றுப் புகாமல் மூடிவிடுகிறேன். இருந்தும் கோழிகள் தும்முகின்றன, கண் வீங்குகிறது. இன்னும் என்ன போட்டு மூடுவது?
— தொண்டி வாசகர்

பதில்: மூடியதே போதும் என்பதைவிட, மூடியதில் பாதியைத் திறங்கள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. மாலையில் கோழிகள் அடைந்த பிறகு, கூட்டுக்குள் கோழியின் உயரத்துக்குக் குனிந்து, சற்று நேரம் மூச்சை இழுத்துப் பாருங்கள். நின்றுகொண்டிருக்கும்போது தெரியாத எச்ச நெடி அப்போது உங்கள் கண்ணையும் கரிக்கும். ஈர எச்சத்திலிருந்து கிளம்பும் அந்த அமோனியா, கோழியின் கண்ணையும் மூச்சுக் குழலையும் அரித்து நோய்க்கிருமிகளுக்கு வழிவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் சளிக்கு வாடைக் காற்றின்மேல் பழி போடுகிறோம்.

வாடைக் காலத்தில் மழை நம்மை அடிப்பது வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும். அந்த இரு பக்கங்களுக்கு மட்டும் படுதா போதும். படுதாவை மேலே கட்டிக் கீழே தொங்கவிடாமல், கீழ் விளிம்பை அசையாமல் கட்டி, மேல் விளிம்பைக் கயிற்றால் ஏற்றி இறக்கும்படி அமையுங்கள். பண்ணைகளில் செய்வதும் இதுவே. அடர்மழையிலும் கூரைக்குக் கீழே ஒரு சாண் திறந்திருக்க வேண்டும். அடைந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே காற்று ஓடினால் ஈரமும் நெடியும் அதோடு போய்விடும். கோழியின் மேல் குளிர்காற்று நேரே அடிக்காது. கோடையில் காற்று கோழியைத் தொட்டுப் போக வேண்டும், மழைக்காலத்தில் அதன் தலைக்கு மேலே போக வேண்டும். ஒரே கூட்டில் படுதாக் கயிறு ஒன்றால் இரண்டையும் செய்துகொள்ளலாம். அந்த ஒரு சாண் வழியாகச் சாரல் புகாதிருக்க, கூரையின் இறவாணம் 3 அடி நீண்டிருக்கட்டும்.

தரைக்கு நெல் உமியோ கடலைத் தோலோ 4 அங்குலம் பரப்பி, இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிசைந்து பாருங்கள்: உருண்டையாகப் பிடித்து நின்றால் ஈரம் மிகுதி, கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. கடற்கரை மணலை மட்டும் கொட்டாதீர்கள். அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், கார்த்திகை முழுவதும் அந்தத் தரை காயாது.

கண் வீங்கியவற்றைத் தனியே பிரித்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காரணம் நெடி மட்டும்தான் என்று கடிதத்தைப் படித்து நான் முடிவு சொல்ல முடியாது. வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால், மீனவர் குடிசைகளில் செய்வதுபோல் ஓலைக் கூரையின் மேல் பழைய வலையை விரித்து, நான்கு மூலையிலும் முளையடித்துக் கட்டிவிடுங்கள்.

கேள்வி: கம்பி வலை ஓராண்டில் துருப்பிடித்து உதிர்கிறது. பழைய மீன்வலையைக் கட்டலாமா?
— பாம்பன் வாசகர்

பதில்: பருந்துக்கும் வல்லூறுக்கும் மேலே கட்ட மீன்வலை போதும். கீரியும் எலியும் அதைக் கடித்துவிடும் என்பதால் பக்கவாட்டுக்கு உதவாது. தரையிலிருந்து 2 அடி உயரம் வரை பிளாஸ்டிக் பூச்சுள்ள கம்பி வலையும், அதற்கு மேல் நெருக்கமாக அடித்த பனஞ்சட்டமும் நம் உப்புக் காற்றுக்கு நெடுநாள் தாங்கும். வெட்டிய கம்பி முனைகளில்தான் துரு தொடங்கும்; அங்கே பெயின்ட் தொட்டு வையுங்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் என் மகன், நகராட்சி அனுமதி பெற்று வீட்டுக் கொல்லையில் 4 கோழிகள் வளர்க்கிறான். அங்கே முழங்கால் அளவு பனி கொட்டுகிறது. நாங்கள் மார்கழிப் பனிக்கே கோழிக்கூட்டைச் சாக்குப் போட்டு மூடுகிறோம். கூட்டுக்குள் சூடாக்கும் விளக்கு போடச் சொன்னால், வேண்டாம் என்கிறான். பனியில் விறைத்துச் செத்துவிடாதா?
— கீழக்கரை வாசகர்

பதில்: உங்கள் மகன் செய்வது சரி. நாம் பனி என்பது வைகறையில் ஓலை நுனியில் திரண்டு சொட்டும் நீர். அவர் பனி என்பது உறைந்து பஞ்சாகக் கொட்டுவது. சொல் ஒன்றாக இருப்பதால் கவலையும் ஒன்றாகத் தோன்றுகிறது. வளர்ந்த கோழி இறகை உப்பிக்கொள்ளும்போது இறகுகளுக்கிடையே தங்கும் காற்று, போர்வைபோல் உடற்சூட்டைக் காக்கிறது. குளிர்நாட்டு இனங்கள் நீர் உறையும் நிலைக்குப் பல டிகிரி கீழேயும் விளக்கில்லாமல் வாழ்கின்றன. அதற்கு இறகு உலர்ந்திருக்க வேண்டும், நேர்க்காற்று அடிக்கக் கூடாது. அங்கேயும் பகை ஈரம்தான். காற்றுப் புகாமல் அடைத்த கூட்டில், கோழிகளின் மூச்சு ஈரம் கொண்டையில் படிந்து உறைந்து, கொண்டை நுனி கருகி உதிர்ந்துவிடும். ஆகவே கூட்டின் உச்சியில் காற்றுவழி திறந்தே இருக்க வேண்டும். தொண்டி வாசகருக்குச் சொன்ன ஒரு சாண் கணக்கு அங்கேயும் பொருந்துகிறது.

விளக்கைத் தவிர்ப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வைக்கோல் பரப்பிய மரக்கூட்டில் அது விழுந்தால் தீப்பிடிக்கும்; அப்படி எரிந்த கூடுகள் பல. சூட்டுக்குப் பழகிய கோழி, மின்சாரம் போன ஓர் இரவில் மற்றக் கோழிகளைவிட எளிதில் விறைத்துவிடும் என்பது இரண்டாவது.

அடையும் கொம்பில் மட்டும் ஒரு வேறுபாடு இருக்கிறது. நாம் உருண்டைக் கம்பை வைக்கிறோம். அங்கே 4 அங்குல அகலமுள்ள தட்டைப் பலகையை வைத்தால், கோழி விரல்களை நீட்டி உட்கார்ந்து, அவற்றை மார்பு இறகால் முழுவதும் மூடிக்கொள்ளும். தண்ணீர்தான் அங்கே பெருந்தொல்லை: உறைந்துவிடும். அடியில் மிதமாகச் சூடேற்றும் குவளை வைக்கிறார்கள், அல்லது நாளுக்கு இரண்டு மூன்று முறை மாற்றுகிறார்கள். பனிச்சுமை தங்காதபடி கூரை செங்குத்தாகச் சரிந்திருக்க வேண்டும். பனியில் கால் வைக்கக் கோழி தயங்கும் என்பதால், வாசலில் வைக்கோல் தூவி நடைபாதை அமைத்துக் கொடுப்பதும் உண்டு.

முட்டை குறைந்திருந்தால் அதற்கு இருட்டும் ஒரு காரணம். முட்டையிடுவதற்கு நாளொன்றுக்கு 14 மணி நேரம் அளவில் வெளிச்சம் வேண்டும். டிசம்பரில் டொராண்டோப் பக்கம் பகல் 9 மணி நேரம்தான். நம் ஊரிலோ 11 மணி நேரத்துக்குக் குறைவதில்லை. பனிக்கென்றே அந்நாட்டில் ஓர் இனம் உண்டு: கியூபெக்கில் ஓகா மடத்துத் துறவி ஒருவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய சாண்டக்ளேர். உறைந்து கருகுவதற்கு இடமில்லாதபடி கொண்டையும் தாடியும் மிகச் சிறுத்திருக்கும். நம்மூர்க் கழுத்தறுத்தான் கோழியோ, சூட்டை வெளிவிடக் கழுத்து இறகையே துறந்தது. இரண்டையும் இடம் மாற்றினால் இரண்டுமே துன்புறும்.

அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அங்கே கோடையும் 30 டிகிரியைத் தாண்டுகிறது. அடர்ந்த இறகுள்ள குளிர்நாட்டுக் கோழிக்கு அதுவே கடுமை. பக்கப் பலகைகளைக் கழற்றி, வலை மட்டும் நிற்கும்படி கூட்டை அமைத்திருக்கிறாரா?

கேள்வி: எங்கள் கிணற்று நீர் உப்பு. கோழிக்கு அதையே வைக்கலாமா? கருவாட்டுத் தூளும் போடுகிறோம்.
— சாயல்குடி வாசகி

பதில்: நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 3,000 மில்லிகிராமைத் தாண்டினால் கோழிக்கு ஆகாது; அதற்குக் கீழேயும் எச்சம் நீராகப் போகும், தரை நனையும், அதன் விளைவை மேலே பார்த்தோம். ஊருணி நீரையோ காவிரிக் குடிநீரையோ வையுங்கள், குறைந்தது குஞ்சுகளுக்காவது. உப்பிட்ட கருவாடு கோடையில் வேண்டவே வேண்டாம்; உப்பிடாமல் காயவைத்த சிறுமீன் கிடைத்தால் போடலாம். ஏற்கெனவே கருவாடு தின்ற கோழிகளுக்கு இன்றே நல்ல தண்ணீரை மாற்றி வைத்து, சட்டி காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.