2147483647: கேட்டவர்களுக்குப் பதில்

31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண். நம் கணக்கில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. கேள்விகள் வந்த வரிசையிலேயே போகிறேன்.

கேள்வி: இது பகா எண் என்கிறீர்கள். வகுத்துப் பார்த்தீர்களா?

பதில்: நான் பார்க்கவில்லை, கணித மேதை ஆய்லர் 1772-லேயே பார்த்துவிட்டார். வர்க்கமூலம் 46340 சொச்சம், அதுவரை உள்ள பகா எண்கள் மட்டுமே 4,700-க்கு மேல், அத்தனையாலும் கையால் வகுத்தால் ஆள் காலி. அவர் செய்தது வேறு. இதற்கு ஒரு பகாக் காரணி இருந்தால் அது 62-ன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும், அதோடு 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் எண்கள் மட்டும் போதும். சுமார் 370தான். அதிலும் 63, 249 எல்லாம் பகா எண்ணே இல்லை, தூக்கிப் போடலாம். முதலில் தேறுவது 311. வகுத்துப் பாருங்கள், மீதி 35. அடுத்தது 1303, அப்புறம் 1489... இப்படியே போக வேண்டியதுதான்.

கேள்வி: அந்த 62 எங்கிருந்து வந்தது சார்?

பதில்: ஃபெர்மாவின் சிறு தேற்றம். காரணி q என்றால், 2-ஐ அடுக்கிக்கொண்டே போகும்போது q-ஆல் வகுத்த மீதி முதன்முதலில் 1 ஆவது 31ஆம் அடுக்கில். q−1ஆம் அடுக்கிலும் 1 வந்தே தீரும் என்பதால் 31, q−1-ஐ வகுக்கும். q ஒற்றைப்படை, அதனால் 2-ம் வகுக்கும்.

கேள்வி: அண்ணா, எட்டாவது படிக்கிறேன். 2-ன் அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதுமா, ஒன்றைக் கழித்து வருவதும் பகா எண் ஆகிவிடுமா?

பதில்: போதாது தம்பி. அடுக்கு 11-ஐ எடுத்துக்கொள், 2047 வரும், அது 23 × 89. 2-ஐ அடுக்கி ஒன்றைக் கழித்து வரும் பகா எண்ணுக்கு மெர்சென் பகா எண் என்று பெயர். இங்கே அடுக்கான 31-ம் தன் பங்குக்கு 32−1, அதே வகை, என்பதால் இது இரட்டை மெர்சென் பகா எண். ஆசையாக இன்னொரு படி ஏறி 2147483647-ஐயே அடுக்காக வைத்தால் 64 கோடி இலக்கங்களுக்கு மேல் போகும், ஆனால் பகா எண் இல்லை: 295257526626031 அதை மீதியில்லாமல் வகுத்துவிடும்.

கேள்வி: நிறைவெண்ணோடு தொடர்பு உண்டாமே?

பதில்: உண்டு. 2-ன் 30ஆம் அடுக்கால் பெருக்குங்கள், 2305843008139952128. தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளைக் கூட்டினால் அதே எண் வரும், அதுதான் நிறைவெண்.

கேள்வி: இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் 1 வருகிறதே, ராசியான எண்ணா?

பதில்: 46, 10, 1. சரி, வருகிறது. 127, 8191-க்கும் 1தான். 3-ஐயும் 7-ஐயும் விட்டால் எல்லா மெர்சென் பகா எண்ணுக்கும் 1 அல்லது 4 மட்டுமே வரும். 9-ஆல் வகுத்த மீதிதான் அது, ராசி இல்லை.

கேள்வி: கம்ப்யூட்டரில் ஏன் அடிக்கடி பார்க்கிறோம்? பகா எண் என்பதாலா?

பதில்: இல்லவே இல்லை. 32 பிட்டில் (பிட் என்பது 0 அல்லது 1 வைக்கும் இடம்) ஒன்று கூட்டல்-கழித்தல் குறிக்குப் போக மிச்சம் 31, அத்தனையும் 1 ஆனால் இந்த எண். 1970 தொடக்கத்திலிருந்து விநாடிகளை இதில் எண்ணும் பழைய நிரல்களுக்கு 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07-க்கு இடம் தீர்ந்துவிடும். 64 பிட்டுக்கு உச்ச எண் 9223372036854775807, அது 7-ஆல் வகுபடும். எந்த இயந்திரமும் அதைக் கண்டுகொள்வதில்லை.