ஒரு சிறு கல்தானே!

ஐயா,
அயர்லாந்தில் மகளிடம் போயிருந்தபோது ஸ்லைகோ பக்கம் நொக்நரே மலையில் ஏறினோம். உச்சியில் பெரிய கற்குவியல். மேவ் என்ற ராணியை அதற்குள் நின்றபடி புதைத்திருக்கிறார்களாம், உண்மையா? ஞாபகத்துக்கு ஒரு சிறு கல் எடுத்துவந்து ஷோகேசில் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு ஆகாது என்கிறா மனுசி. உங்கள் கருத்து?
– ஒரு வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள நண்பருக்கு,

ராணியை விடுங்கள். அந்தப் பதுக்கைக்கு ஏறக்குறைய 5,000 வயது. மேவ் கதை மிகப் பிந்தியது. அதை இன்னும் அகழவே இல்லை. நிற்கிறாளா படுத்திருக்கிறாளா என்று யார் கண்டது? (பதுக்கை என்றுதான் சொல்வேன். இறந்தவர் மேல் குவித்த கல்லுக்குச் சங்கப் பாடல்களில் உள்ள சொல். கற்குவியல் வீடு கட்டுகிற இடத்திலும் கிடக்கும்.)

ஆகும் ஆகாது எனக்குத் தெரியாது. ஆனால் 327 மீட்டர் மலையேறிப் போய் அந்தக் கல்லில் ஏன் ஐயா கை வைத்தீர்கள்? கீழேயிருந்து ஒரு கல்லைச் சுமந்துபோய் மேலே சேர்ப்பதுதான் அங்கே பழைய வழக்கம். நீங்கள் இறக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அதிலும் 'சிறு கல்'லாம்! 55 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரம், அத்தனையும் ஒவ்வொன்றாய்ச் சேர்த்த கல்தான்.

திட்டுவதற்கு எனக்கும் யோக்கியதை இல்லை. இருபத்திரண்டு வயதில் வில்பத்துப் பக்கம் பொம்பரிப்புக்குப் போனேன். பெருங்கற்காலத்தார் எலும்புகளைத் தாழியில் இட்டுப் புதைத்த இடம். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பாக ஒரு ஓட்டுத்துண்டு கிடந்தது. லேஞ்சியில் சுற்றிக் கொழும்புக்குக் கொண்டுவந்துவிட்டேன். கொட்டாஞ்சேனை அறையில் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்தேன். அப்புறம் கலியாணம், மூன்று தடவை வீடு மாறல். ஒருநாள் தேடினால் காணவில்லை. மனைவி அதைப் பூச்சட்டியின் ஓட்டைக்கு அடைத்து மண் போட்டுவிட்டாள். அவளைக் கோபித்து என்ன பயன்? பொம்பரிப்பில் அது தாழிக்காட்டின் துண்டு, கொட்டாஞ்சேனையில் வெறும் ஓடு.

யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் கிடைத்த, எழுத்துப் பொறித்த பழைய முத்திரையைப் பாருங்கள். நகக்கண் அளவுதான். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு அதை எலும்புக்கூட்டோடு அது கிடந்த இடத்திலேயே கண்டது. அதனால்தான் அதைப் பற்றி இன்றும் பேச முடிகிறது. முதல்நாள் என்னைப் போல ஒருத்தன் அந்தப் பக்கம் போயிருந்தால்?

மகள் வரும்போது கல்லைக் கொடுத்துவிடுங்கள். பதுக்கையில் ஏறாமல் அடியில் வைக்கச் சொல்லுங்கள். அதுவரை மலையின் பெயரையும் எடுத்த தேதியையும் ஒரு கடதாசியில் எழுதிக் கல்லோடு கட்டிவையுங்கள். உங்கள் வீட்டிலும் பூச்சட்டி இருக்கும்.