கரும்பொருளுக்கு ஒரு வானொலிப் பெட்டி

கேள்வி: கரும்பொருளாக (ஒளியை உமிழாமல், ஈர்ப்பு விசையால் மட்டுமே இருப்பை உணர்த்தும் பொருள்) இருக்கலாம் என்று கருதப்படும் ஆக்ஸியான் துகளை வானொலி ஏற்பியைக் கொண்டு தேடுகிறார்களாமே, அது எப்படி?

பதில்: வலுவான காந்தப்புலத்தில் ஆக்ஸியான் மிக அரிதாக ஒரு ஃபோட்டானாக, அதாவது ஒளித்துகளாக, மாறக்கூடும் என்பதால், அதைப் பிடிக்க ஓர் உலோகக் குடுவையும் நல்ல வானொலி ஏற்பியும் போதும் என்று 1983ஆம் ஆண்டில் பியர் சிகிவி என்னும் இயற்பியலாளர் காட்டினார். அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நடைபெறும் ஏ.டி.எம்.எக்ஸ். என்னும் ஆக்ஸியான் தேடல் ஆய்வு அவர் காட்டிய வழியில்தான் செல்கிறது.

துகளின் நிறை எவ்வளவோ, அதற்கேற்ற அதிர்வெண்ணில் சைகை (சிக்னல்) எழும். ஒரு மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையைக் குறிக்கும் மிகச் சிறிய அலகு) நிறைக்கு அது சுமார் 242 மெகாஹெர்ட்ஸ். நிறை தெரியாததால், குடுவைக்குள் இருக்கும் செப்புத் தண்டுகளை மயிரிழை அளவு நகர்த்தி, அது ஒத்ததிரும் அதிர்வெண்ணை மாற்றி, சற்று நேரம் பதிவுசெய்து, மறுபடி நகர்த்த வேண்டும். நிலையம் எங்கே என்று அறியாமல் வானொலியின் திருகைத் திருப்பிக்கொண்டே இருப்பதைப் போன்றது இது.

உண்மையான சிக்கல் இரைச்சல். எதிர்பார்க்கும் சைகையின் திறன் ஏறத்தாழ 10இன் அடுக்கு மைனஸ் 23 வாட். அறை வெப்பநிலையில் ஒரு கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் எழும் வெப்ப இரைச்சலோ அதைப்போல் சுமார் 4 லட்சம் மடங்கு. ஆகவே குடுவையையும் முதல் பெருக்கியையும் தனிச்சுழிக்கு (இயலக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலைக்கு) அருகே குளிரவைக்கிறார்கள். அந்த முதல் பெருக்கிதான் இந்த ஆய்வின் உயிர்நாடி என்பேன்: அது சேர்க்கும் இரைச்சலைப் பின்னால் வரும் எந்தக் கருவியாலும் நீக்க இயலாது, அது போதிய அளவு பெருக்கிவிட்டாலோ பின்னால் வருபவற்றின் குறைகள் பெரிதாகப் பாதிக்கா. அதனால் அங்கே ஸ்குவிட், ஜோசப்சன் பெருக்கி ஆகிய மீக்கடத்திக் (கடுங்குளிரில் மின்தடையே இல்லாத பொருளாலான) கருவிகளை வைக்கிறார்கள். காந்தப்புலம் பட்டால் இவை செயலிழந்துவிடும் என்பதால், அவை இருக்கும் இடத்தில் மட்டும் புலத்தை நீக்குவதற்கென்றே தனிக் கம்பிச்சுருள் ஒன்று உண்டு.

கேள்வி: வெளியிலிருந்து கசியும் ஒலிபரப்பை ஆக்ஸியான் என்று தவறாக எண்ணிவிட மாட்டார்களா?

பதில்: ஐயம் தரும் சைகை கிடைத்தால், அதே அதிர்வெண்ணில் மீண்டும் நெடுநேரம் பதிவுசெய்வார்கள், காந்தப்புலத்தையும் மாற்றிப் பார்ப்பார்கள். ஆக்ஸியான் சைகையானால் அதன் திறன் புலவலிமையின் வர்க்கத்துக்கேற்பக் கூடிக் குறையும். வெளி ஒலிபரப்போ புலத்தைப் பொருட்படுத்தாது. ஏ.டி.எம்.எக்ஸ். குழு, ஆய்வாளர்கள் அறியாதபடி போலிச் சைகைகளையும் உள்ளே செலுத்தி, அவை பிடிபடுகின்றனவா என்று சோதிக்கிறது. இதுவரை உண்மையான ஆக்ஸியான் எதுவும் அகப்படவில்லை.