'பஸ்' என்பது முழுச் சொல்லா? லத்தீன் கேள்வி பதில்

கேள்வி: 'பஸ்' லத்தீனிலிருந்து வந்தது என்கிறார்களே, அங்கே அதற்கு என்ன பொருள்?

பதில்: தனிப்பொருள் கிடையாது, அது ஒரு வேற்றுமை உருபு! 'ஓம்னிஸ்' என்றால் 'எல்லா'. அதன் நான்காம் வேற்றுமைப் பன்மை 'ஓம்னிபுஸ்', அதாவது 'எல்லாருக்கும்'. பிரான்ஸின் நாந்த் நகரில் 1826-இல் யாரும் ஏறிக்கொள்ளலாம் என்று ஓடிய குதிரை வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு தலை உதிர்ந்து 'புஸ்' என்ற வால் மட்டும் 'பஸ்' என்று நின்றது. 'எல்லாருக்கும்' என்பதில் 'க்கும்' மட்டும் தெருவில் ஓடுவதாக நினைத்துப் பாருங்கள். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

கேள்வி: கல்லூரி விழா அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'அலும்னி' என்று அச்சிட்டிருக்கிறார்கள். நான் ஒருத்திதானே?

பதில்: நீங்கள் 'அலும்னா'. ஆண் ஒருவர் என்றால் 'அலும்னுஸ்'. 'அலும்னி' என்பது ஆண்கள் பலரையோ இருபாலரும் கலந்த கூட்டத்தையோ குறிக்கும் பன்மை. வேர்ச்சொல்லுக்கு 'ஊட்டி வளர்த்தல்' என்று பொருள். பழைய வழக்கில் அலும்னா வளர்ப்பு மகள். 'முன்னாள் மாணவி' என்பதில் அந்தப் பாசம் இல்லையே என்று எனக்குக் குறை உண்டு.

கேள்வி: சட்டம் படிக்கிறேன். நீதிமன்றப் பேராணைகளின் பெயர்களில் வரும் ஹேபியஸ், கார்பஸ், மாண்டமஸ் மூன்றும் 'ஸ்' என்றே முடிகின்றன. ஒரே வகையா?

பதில்: இல்லை. 'கார்பஸ்' பெயர்ச்சொல்: உடல். 'ஹேபியஸ்' முன்னிலை ஒருமை வினை: 'நீ வைத்திருப்பாயாக'. ஆளை மன்றத்தின் முன் நிறுத்து என்பது கருத்து. 'ஆட்கொணர்வு' என்ற தமிழ்ப் பெயர் அதை அப்படியே பிடித்துவிட்டது. 'மாண்டமஸ்' ஒரே சொல்லில் ஒரு வாக்கியம்: 'ஆணையிடுகிறோம்'. அதன் 'மஸ்' (லத்தீன் ஒலிப்பில் 'முஸ்')தான் நம் 'ஆணையிடுகிறோம்' என்பதன் கடைசியில் வரும் 'ஓம்'. மன்னர் தம்மைப் பன்மையில் சொல்லிக்கொண்ட காலத்து விகுதி, நம் அரசமைப்பின் 32, 226 ஆகிய உறுப்புகளில் இன்றும் இருக்கிறது.

கேள்வி: கூட்டம் நடக்கக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்பதை 'கோரம்' (quorum) என்கிறார்களே, அந்தச் சொல்லுக்கு எண்ணிக்கை என்று பொருளா?

பதில்: 'எவர்களுள்' என்று பொருள். இங்கிலாந்தில் நீதிபதிகளை நியமித்த ஆணையில், இன்னாருள் ஒருவராவது இருக்க வேண்டும் என்ற தொடரில் வந்த சொல்.

கேள்வி: அப்பா, அம்மா இருவருக்கும் ஒரே கல்லறை. ஆர்.ஐ.பி. என்பதை லத்தீனில் முழுதாகப் பொறிக்க வேண்டும்.

பதில்: ஒருவருக்கு 'ரெக்வியேஸ்காத் இன் பாச்சே', அமைதியில் இளைப்பாறுவாராக. இருவருக்கு 'ரெக்வியேஸ்காந்த்', இளைப்பாறுவார்களாக. முதல் சொல்லின் கடைசி எழுத்துக்கு முன்னால் 'என்' என்ற எழுத்து கூடுதலாக வர வேண்டும். கல் வெட்டுபவரிடம் கொடுக்கும் தாளில் அதை வட்டமிட்டுக் கொடுங்கள்.