அட்டை மங்கினால் பரவாயில்லை, பட்டியலில் பெயர் இருக்கிறதா பாருங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. அவருடைய வாக்காளர் அட்டை 20 வருடத்துக்கு முந்தையது, போட்டோ இருக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு நிழல்தான் தெரிகிறது. அதில் பெயர் செல்வி, ஆதாரில் தமிழ்ச்செல்வி. திருமங்கலத்தில் தனியாக இருந்தவரை மதுரைக்கு எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். ரேஷன் கார்டைக் காட்டி ஓட்டு போடலாமா? ஆதாரை இணைக்காவிட்டால் ஓட்டே கிடையாது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர், நிஜமா? அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, அங்கே ஓட்டு போட அட்டை கேட்பதே அநியாயம் என்று கோர்ட்டு வரை போயிருக்கிறார்கள் என்கிறான். இங்கே மட்டும் ஏன் யாரும் எதுவும் சொல்வதில்லை?

பதில்: அட்டையைப் பற்றி இவ்வளவு கேட்டிருக்கிறீர்கள், ஆனால் கேட்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டீர்கள். அம்மாவின் பெயர் இப்போது வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். ஏழெட்டுத் தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்திருக்கிறேன். அதில் என்னால் மறக்க முடியாதவர் ஒரு மனிதர். அட்டை பளபளவென்று புதிது, முகம் அச்சு அசல் அவரேதான், ஒரு சந்தேகமும் இல்லை. பட்டியலில் மட்டும் பெயர் இல்லை. முதல் அலுவலர் முன்னும் பின்னும் பக்கங்களைப் புரட்டுகிறார், கடைசியில் இருந்த துணைப் பட்டியலையும் பார்த்தாயிற்று, இல்லை. "சார், ஒரிஜினல் கார்டு சார்" என்று அட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டே நின்றார். திருப்பி அனுப்பினேன். வேறு வழியில்லை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62ஆவது பிரிவு சொல்வது அவ்வளவுதான்: பட்டியலில் பெயர் இல்லாதவர் அந்தத் தொகுதியில் ஓட்டு போட முடியாது. அட்டை என்பது நீங்கள் இன்னார் என்று காட்டுவதற்கு. உங்களுக்கு ஓட்டு உண்டு என்று சொல்வது பட்டியல்.

அதே பூத்தில் அதே நாள் மத்தியானம் ஒரு பாட்டி வந்தார். மஞ்சள் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் மடித்த பேப்பர், அதற்குள் அட்டை. உங்கள் அம்மாவின் அட்டையை விட மோசம், லேமினேஷனுக்குள் தண்ணீர் இறங்கி முகம் கரைந்தே போயிருந்தது. ஆனால் எங்கள் கையில் இருந்த பட்டியலில் வரிசை எண்ணும் பெயரும் வயதும் கணவர் பெயரும் கதவு எண்ணும் சரியாக இருந்தன, அந்தப் பட்டியலிலேயே ஒரு போட்டோவும் உண்டு. எதிரெதிர்க் கட்சி ஏஜென்ட்டுகள் இரண்டு பேருமே "அட, நம்ம பெரியம்மா சார்" என்று சிரித்தார்கள். விரலில் மை வைத்து உள்ளே அனுப்பினோம்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். செல்வி, தமிழ்ச்செல்வி குழப்பத்துக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். அட்டையில் இருக்கும் எழுத்துப் பிழை, சின்னச் சின்ன வித்தியாசம் இதையெல்லாம் பெரிதுபடுத்தக் கூடாது, ஆள் இன்னார் என்று தெரிந்தால் போதும் என்று தேர்தல் ஆணையமே ஒவ்வொரு முறையும் எங்களுக்கு எழுதிக் கொடுக்கும். வேறு தொகுதியில் கொடுத்த பழைய அட்டை கூடச் செல்லும், பெயர் இந்த பூத்தின் பட்டியலில் இருந்தால். போட்டோ பொருந்தாமலோ முகம் தெரியாமலோ ஆளை உறுதி செய்ய முடியவில்லை என்றால்தான் வேறொரு ஆவணம் கேட்போம்.

அந்த வேறொரு ஆவணம் ரேஷன் கார்டு இல்லை. இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து திரும்புகிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலுக்கு ஆணையம் அனுமதித்த மாற்று ஆவணங்கள் 12. ஆதார், பான், டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய வங்கி அல்லது தபால் ஆபீஸ் பாஸ்புக், போட்டோவுடன் கூடிய பென்ஷன் ஆவணம், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அட்டை, அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர் அடையாள அட்டை இவையெல்லாம் அதில் உண்டு. ஸ்மார்ட் ரேஷன் கார்டு இல்லை, காலேஜ் ஐடி கார்டும் இல்லை. வீட்டுக்கு வந்து கொடுக்கும் பூத் சிலிப்பும் அடையாளம் ஆகாது, 2019லேயே அதை எடுத்துவிட்டார்கள். அது எந்த பூத், எத்தனையாவது எண் என்று தெரிந்துகொள்ள மட்டும். இந்த ஆவணப் பட்டியல் தேர்தலுக்குத் தேர்தல் கொஞ்சம் மாறும், அதனால் உங்கள் தேர்தலுக்கான உத்தரவை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் ஆதார் இருக்கிறது அல்லவா, அதுவே போதும், ஆனால் அசலைக் கொண்டு போங்கள். போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன் என்று வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவோம், பூத்துக்குள் போன் கூடாது.

அடுத்தது முக்கியமானது. நீங்கள் அவரை திருமங்கலத்திலிருந்து அழைத்து வந்துவிட்டீர்கள். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம், அதாவது எல்லாரும் எஸ்.ஐ.ஆர். என்று சொன்னது, அப்போது வீட்டுக்கு வந்த படிவத்தை அம்மா நிரப்பிக் கொடுத்தாரா? திருமங்கலம் வீடு பூட்டிக் கிடந்து, பிஎல்ஓ, அதாவது உங்கள் பூத்துக்கான பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் அலுவலர், இரண்டு மூன்று தடவை வந்து பார்த்துவிட்டு 'இடம் பெயர்ந்தவர்' என்று குறித்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அந்த டிசம்பர் 19 அன்று வெளிவந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்கச் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இரண்டு இடத்தில் பெயர் இருந்தவர்கள் போக, பெரும்பங்கு குடிமாறியவர்களும் வீட்டில் ஆள் இல்லாதவர்களும்தான். உங்கள் அம்மா மாதிரி.

ஆகவே அட்டையில் இருக்கும் எண்ணை வைத்து ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் தேடுங்கள், அல்லது 1950க்கு போன் போடுங்கள். பெயர் திருமங்கலத்திலேயே இருந்தால் படிவம் 8, அதில் முகவரி மாற்றம் என்று குறித்து மதுரை வீட்டு முகவரியைக் கொடுங்கள். அதே படிவம்தான் பெயர் திருத்தத்துக்கும், புது போட்டோவுக்கும், பழுதான அட்டைக்கு மாற்றுக்கும். பெயரே இல்லை, நீக்கிவிட்டார்கள் என்றால் படிவம் 6, புதிதாகச் சேர்ப்பது. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். பழைய ஊரில் பெயர் இருக்கும்போதே இங்கே படிவம் 6 போட்டால் 'வேறெங்கும் என் பெயர் இல்லை' என்று பொய்யாகக் கையெழுத்துப் போட்டதாகிவிடும், அதற்கு ஒரு வருடம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. பிள்ளைகள் அவசரத்தில் செய்துவிட்டு, மாட்டுவது அம்மாவாக இருக்கும். இன்னொன்று, வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் யாரும் கை வைக்க முடியாது, விசாரணைக்கு நாள் வேண்டும் என்பதால் அதற்குப் பத்து நாள் முன்னதாகவாவது விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். பூத் வாசலில் வந்து அழுவதில் பிரயோஜனமில்லை.

ஆதார் இணைப்பு விஷயத்தில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது தப்பு. 2021இல் சட்டத்தைத் திருத்தி, பட்டியலோடு ஆதார் எண்ணைச் சேர்க்க வழி செய்தார்கள், அதற்கென்று படிவம் 6பி (6B) வந்தது. வந்த வேகத்தில் அது கட்டாயம் போலவே பேச்சு பரவியது, படிவத்தின் வாசகமும் அப்படித்தான் இருந்தது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஆணையமே கட்டாயமில்லை என்று ஒத்துக்கொண்டது, அதற்குள் 66 கோடிக்கு மேல் எண்களை வாங்கியாகிவிட்டது என்பது வேறு கதை. பிகாரின் பட்டியல் திருத்தம் பற்றிய வழக்கில் 2025 செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், பெயர் சேர்க்கும்போது ஆதாரையும் அடையாள ஆவணமாக ஏற்க வேண்டும் என்று ஆணையத்துக்குச் சொன்னது. அது குடியுரிமைக்கான சான்று ஆகாது என்பதையும் சேர்த்தே சொன்னது. ஆக, ஆதார் உங்களுக்கு உதவும், அது இல்லை என்பதற்காக மட்டும் ஓட்டு போகாது.

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது அந்த ஊர் நியாயம். அமெரிக்காவில் எல்லாக் குடிமக்களுக்கும் அரசே கொடுக்கும் ஒரு போட்டோ அட்டை என்று எதுவும் இல்லை. கார் ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ், ஓட்டாதவர் அலைந்து வாங்க வேண்டும். இந்தியானா மாநிலம் போட்டோ அட்டையைக் கட்டாயமாக்கியதை 2008இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று செல்லும் என்றது. டெக்சாஸ் 2011இல் போட்ட சட்டத்தில் துப்பாக்கி லைசென்ஸ் செல்லும், பல்கலைக்கழக மாணவர் அட்டை செல்லாது! எந்த அட்டையை ஏற்பது என்று முடிவு செய்கிற இடத்திலேயே யாரை வடிகட்டுவது என்பதும் முடிவாகிவிடுகிறது என்பதுதான் அங்கே சண்டை. பிரிட்டனில் வட அயர்லாந்து தவிர மற்ற இடங்களில் முன்பெல்லாம் பெயரையும் விலாசத்தையும் சொன்னாலே சீட்டு கொடுத்துவிடுவார்கள். 2023 மே மாதம் இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தலில்தான் முதல் முறையாகப் பரவலாக அட்டை கேட்டார்கள், சுமார் 14,000 பேர் திரும்பிப் போய் மறுபடி வரவேயில்லை என்று அங்குள்ள தேர்தல் ஆணையமே கணக்குச் சொன்னது. அங்கேயும் முதியவர்களின் பஸ் பாஸ் செல்லும், இளைஞர்களின் பாஸ் செல்லாது என்று ஒரு புகைச்சல்.

நம்மிடம் ஏன் அந்தச் சண்டை இல்லை? கள்ள ஓட்டை நேரில் பார்த்த ஊர் இது. வரிசையில் நின்று உள்ளே போனால் "உங்க ஓட்டு போட்டாச்சே" என்று சொல்லக் கேட்டவர்கள் எங்கள் தலைமுறையில் நிறைய. அட்டை வருவதற்கு முன் ஆள் அடையாளம் என்பதே ஏஜென்ட்டுகளின் வாய்வார்த்தைதான், இரண்டு கட்சி ஏஜென்ட்டும் ஒத்துப்போய்விட்டால் கேட்க ஆளில்லை. 1993இல் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி.என். சேஷன், தமிழ்நாடு கேடரில் வந்து மதுரைக் கலெக்டராகவும் இருந்தவர், போட்டோ அட்டை கொடுங்கள், 1995 ஜனவரிக்குள் கொடுக்காவிட்டால் தேர்தலே நடத்த மாட்டேன் என்று அரசுகளிடம் மல்லுக்கட்டினார். செலவு என்றார்கள், முடியாது என்றார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். அதாவது இங்கே சண்டை போட்டது அரசு, கொடுக்கச் சொன்னது ஆணையம். கேட்கிறவனே வீடு தேடி வந்து இலவசமாக அட்டையைக் கொடுத்து, அது இல்லாவிட்டால் இன்னும் ஒரு டஜன் ஆவணத்தில் ஏதாவது ஒன்று போதும் என்று சொல்லும்போது, அட்டை கேட்பதை அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அட்டையால் தடுக்க முடிவது ஒரே ஒரு தப்பைத்தான், ஒருவர் ஓட்டை இன்னொருவர் போடுவதை. உயிரோடு இருக்கிறவரை இறந்தவர் என்று நீக்கினால் அட்டை என்ன செய்யும்? நம்முடைய சண்டை பட்டியலில்தான், அது முதல் தேர்தலிலேயே தொடங்கிவிட்டது. 1951-52 தேர்தலுக்குப் பெயர் எழுதப் போனபோது, வடமாநிலங்களில் பல பெண்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் அம்மா என்றே எழுதச் சொன்னார்கள். அப்படியே விட முடியாது என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக இருந்ததில் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் விடுபட்டன. உங்கள் அம்மாவின் செல்வியும் தமிழ்ச்செல்வியும் எனக்கு அதைத்தான் நினைவுபடுத்தியது.

ஓட்டு நாளன்று தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு இருக்கிறது. யாராவது ஏஜென்ட் 'இது இவர் இல்லை' என்று எழுந்தால் அவர் 2 ரூபாய் கட்டித்தான் ஆட்சேபிக்க முடியும். அதைத் தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார், ஆட்சேபணை நிரூபணமாகாவிட்டால் அம்மா ஓட்டு போடலாம். வேண்டுமென்றே கிளப்பினார் என்றால் அந்த 2 ரூபாயும் போச்சு. அம்மா போவதற்குள் வேறு யாரோ அவர் பெயரில் போட்டிருந்தால் சும்மா திரும்பி வராதீர்கள். விதி 49பி (ஆங்கிலத்தில் 49P), அதான் ஒரு சினிமா வந்தபிறகு ஊரெல்லாம் பேசினார்களே, அதன்படி டெண்டர்டு ஓட்டு கேளுங்கள். மெஷினில் இல்லை, சீட்டில் போடச் சொல்வார்கள். அது வழக்கமான எண்ணிக்கையில் சேராது, தனிக் கவரில் போகும், ஆனால் வழக்கு என்று வந்தால் அந்தக் கவர் பேசும்.

அட்டையைக் காட்டினால் பதிவேட்டில் 'ஈபி' என்று இரண்டே எழுத்து எழுதுவோம். ஆதாரைக் காட்டினால் அதன் கடைசி நான்கு எண்ணைக் குறித்துக்கொள்வோம், அதைப் பார்த்து 'எதற்கு என் நம்பரை எழுதுகிறீர்கள்' என்று பதறுகிறவர்கள் உண்டு, அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அப்புறம், படிவம் 8 போடும்போது பெயரைத் தமிழ்ச்செல்வி என்று ஆதாரில் உள்ளபடியே, அதே இனிஷியலோடு எழுதுங்கள். புது போட்டோவை ஸ்டூடியோவில் வெள்ளைப் பின்னணியில் எடுத்துக் கொடுங்கள், கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி ஒட்டாதீர்கள்.