குப்பை அள்ளுறதுக்கு எதுக்குச் சட்டம்?

கேள்வி: சார், பழசெல்லாம் காயலாங்கடை அண்ணனே காசு குடுத்து வாங்கிட்டுப் போறாரு, அப்புறம் மாநகராட்சிக்கு எதுக்கு இத்தனை விதி, கட்டணம்?
- வாசகர், செல்லூர்

பதில்: அண்ணன் எடுக்கிறது விலை போற இரும்பு, பேப்பர், பாட்டில் மட்டும்தாங்க. ஊசிப்போன சாம்பார், பிள்ளைக டயப்பர், போட்டு முடிச்ச ஊசி இதையெல்லாம் யாரு வாங்குவா, அவங்கவங்க இஷ்டத்துக்கு விட்டா மதுரைக்குள்ள ஓடுற கிருதுமால் மாதிரி வாய்க்கால்லதான் விழும், மழை பேஞ்சா அடைச்சுக்கிட்டு வேற யாரோ வீட்டுக்குள்ள தண்ணி ஏறும், போட்டவர் ஒருத்தர் அனுபவிக்கிறவர் இன்னொருத்தர், அதனாலதான் எல்லாருக்கும் பொதுவா விதி வேணும்.

1994ல குப்பை தேங்கிக் கிடந்த குஜராத் சூரத்ல பிளேக் நோய் வந்தப்ப நாடே பதறுச்சு. 1996ல நகரத்துக் குப்பைய ஒழுங்கா கையாளணும்னு சுப்ரீம் கோர்ட்டுக்கு வழக்கு போயி, 2000ல குப்பைக்கான விதிகள் வந்துச்சு. 2016 விதிகள் ஈரம், உலர்ந்தது, அபாயமானதுனு வீட்டுலயே பிரிக்கணும்னு சொல்லுச்சு. குப்பை பொறுக்கிப் பிழைக்கிறவங்களையும் இந்த ஏற்பாட்டுல சேர்க்கணும்னு அதுல இருந்துச்சு, எனக்கு அதுதான் பெருசு.

மறுசுழற்சிக்கும் அனுமதி வேணும்ங்க, பழைய பேட்டரிய உடைச்சு தெருவோரமா ஈயம் உருக்குனா அது பக்கத்து வீட்டுப் பிள்ளைக ரத்தத்துல சேரும். நீங்க ஊசி, மாத்திரைய மட்டுமாவது தனியா கட்டிக் குடுங்க, அள்ளுறவங்க கையில குத்தாம இருக்கும்.